வியன்னாவுக்குக் கொண்டுபோன தூள்

எனக்குச் சந்தேகக் குணம் கொஞ்சம் அதிகம். வீட்டைப் பூட்டிவிட்டுக் கார் வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். சிட்னியில் பரமட்டாவுக்குக் கிட்ட ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை எனக்கு. தள்ளுவதற்கு முன் கைப்பட்டியில் உள்ள பெயரை இரண்டு முறை வாசிக்கச் சொல்லித் தந்தார்கள். நான் மூன்று முறை வாசிப்பேன். வேலைக்கு அது நல்ல குணம். வீட்டில் அப்படியில்லை.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதனால் இதில் பெரிய சொற்கள் இருக்காது. வியன்னா என்ற பழைய நகரத்தை ஒரு நாள் சுற்றிப் பார்த்தோம். அந்த நாளை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதைப் பிள்ளைகள் வாசிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அன்றைக்கு என்னோடு நின்றவர்கள்தான். ஆனாலும் என்ன நடந்தது என்று அவர்களுக்கு முழுதாகத் தெரியாது.

ஜேர்மனியில் என் மனைவியின் அக்காவுடைய மகளுக்குக் கலியாணம். சிட்னியில் பள்ளிக்கூட விடுமுறை, ஜேர்மனியில் கடும் குளிர்காலம். என் மகளுக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் வயலினைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்றை வாசிக்கிறாள். அவளுடைய இசை ஆசிரியை வியன்னாவைப் பற்றி வகுப்பில் ஒரு மணித்தியாலம் கதைத்திருக்கிறா. உலகத்தில் பெரிய இசைக்காரர்கள் பலர் இருந்து எழுதிய ஊராம். "இவ்வளவு தூரம் போயிட்டு அதைப் பாக்காம வாறதோ?" என்று மகள் தமிழிலேயே கேட்டாள். அவள் தமிழில் கேட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். கலியாணம் முடிய ரயிலில் வியன்னாவுக்குப் போவதாக முடிவு செய்தோம்.

நாங்கள் இருப்பது சிட்னியின் டூங்கபியில். அங்கே தமிழர் வீடுகள் நிறைய. ஒரு வீட்டில் சொன்னது அடுத்த நாள் கடையில் கேட்கும். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் வெளிநாடு போகிறார் என்று தெரிந்தால், அந்த நாட்டில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் ஒரு பார்சலோடு வந்துவிடுவார்கள். கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். பார்சலை வாங்குகிறவர் பதிலுக்கு நம்மைக் கூட்டிக்கொண்டுபோய் ஊரைச் சுற்றிக் காட்டுவார். யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தம் அது.

மூன்று தெரு தள்ளி இருக்கிற ஓர் அன்ரி வந்தா. எழுபது வயதிருக்கும். அவவின் தம்பி வியன்னாவில் இருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"தம்பி, வியன்னாவுக்குப் போறீராம்."

"ஆர் அன்ரி சொன்னது?"

"ஆர் சொன்னா என்ன. போறீரோ, இல்லையோ?"

"போறம்."

"அப்ப இதை என்ர தம்பியிட்டக் குடுத்துவிடும்."

இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று. அதைச் சுற்றி மண்நிற ரேப், பெட்டி ஒட்டுகிற நாடா. டப்பாவின் ஒரு மூலைகூட வெளியே தெரியவில்லை.

"உள்ளுக்கு என்ன அன்ரி?"

"தூள்."

"தூள் மட்டும்தானோ?"

"பின்ன என்ன, வைரமோ? நான் வறுத்து அரைச்ச கறித்தூள். அவனுக்குக் கடைத்தூள் சரிவராது."

"இவ்வளவு ரேப் என்னத்துக்கு?"

"மணம் போகக்கூடாது எண்டுதான்."

இதெல்லாம் கதைக்கும்போது அன்ரி கையால் வாயைப் பொத்திக்கொண்டே கதைத்தா. என் கண்ணைப் பார்க்கவும் இல்லை. குசினிக்குள் இருந்து என் மனைவி வந்து, "தாங்கோ அன்ரி, நாங்கள் கொண்டு போறம்" என்று வாங்கி வைத்துவிட்டா.

அன்ரி போனபிறகு, "ஏன் வாயைப் பொத்திக் கதைக்கிறா?" என்று கேட்டேன்.

"என்னப்பா, அன்ரியப் பாத்தா கடத்தல்காரி மாதிரியோ இருக்கு?"

"ஆரையும் பாத்துத் தெரியாது."

நான் ஏன் இப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். நான் வளர்ந்த இடத்தில் சண்டை நடந்தது. வழி நெடுகச் சோதனைச் சாவடிகள். பஸ்சில் போகிறவர்கள் எல்லோரும் இறங்கி, அவரவர் பையைத் திறந்து காட்டவேண்டும். ஒருநாள் என் முன்னால் நின்றவரின் பையில் நாலு ரோர்ச் பற்றரிகள் இருந்தன. அந்த நாட்களில் அந்தப் பக்கம் பற்றரி கொண்டுபோகக் கூடாது. பை தன்னுடையது இல்லை, தெரிந்த ஒருவர் கொடுத்துவிட்டது என்று அவர் சொன்னார். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவரைத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட நாளில் அம்மா தன் சங்கிலியையும் இரண்டு காப்பையும் மிளகாய்த்தூள் போத்தலுக்குள் புதைத்துத்தான் கொண்டு வந்தவ. தூளுக்குள் யாரும் கை வைக்கமாட்டார்கள். மற்றவர்களுக்குத் தூள் என்றால் கறி ஞாபகம் வரும். எனக்கு உள்ளே என்ன ஒளித்திருக்கிறது என்ற கேள்வி வரும்.

விமான நிலையத்தில், உங்கள் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு, உள்ளே என்ன என்று தெரியாத டப்பாவோடு நான் நிற்பதா? பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டா?

அடுத்த சனிக்கிழமை காலை மனைவி பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனா. நான் பின்வளவு மேசையில் பேப்பரை விரித்து, ரேப்பை வெட்டி, டப்பாவைத் திறந்து தூளைக் கொட்டினேன். கரண்டியால் கிளறினேன். கம்பியால் குத்திப் பார்த்தேன். டப்பாவின் அடியைத் தட்டிப் பார்த்தேன். தூள்தான். தூளைத் தவிர ஒன்றும் இல்லை. மனம் ஆறியிருக்கவேண்டும். ஆனால், ஒன்றுமே இல்லாததற்கு ஏன் இவ்வளவு ரேப் என்று அடுத்த சந்தேகம் வந்தது.

அப்படியே யோசித்துக்கொண்டு நிற்கும்போது காற்று ஒன்று வந்தது. பேப்பரின் ஒரு பக்கம் எழும்பியது. நான் பிடிப்பதற்குள் பாதித் தூள் புல்லிலும், கொடியில் காய்ந்த என் வேலைச் சட்டையிலும், என் கண்ணிலும் விழுந்தது. குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றபோது, தமிழ்ப் பள்ளிக்கூடம் விட இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. கடைக்கு ஓடினேன். யாழ்ப்பாணக் கறித்தூள் என்று எழுதிய பைக்கற் ஒன்றை வாங்கி வந்து, மிச்சத் தூளோடு கலந்தேன். நிறம் ஒத்துப்போனது. புது ரேப் வாங்கி, முந்தியதைவிட இரண்டு சுற்றுக் கூடச் சுற்றினேன். மனைவிக்குச் சொல்லவில்லை. சட்டையை ஏன் திரும்பத் தோய்த்தனீங்கள் என்று கேட்டா. காகம் என்றேன்.

வியன்னாவில் நிலக்கீழ் ரயில் நிலைய வாசலில் அன்ரியின் தம்பி நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தடித்த கறுப்புக் கோட், கம்பளித் தொப்பி, நரைத்த மீசை. "வாங்கோ வாங்கோ, அக்கா சொன்னவ" என்றார். டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, ரேப்புக்கு மேலாலேயே ஒரு தரம் மணந்து பார்த்துவிட்டு, தோள்பையில் வைத்தார். திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று நான் யோசித்தேன். திறந்துவிடுவாரோ என்றும் யோசித்தேன்.

அந்த ஊர் ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவே கிடையாது. சிட்னியில் கார்டைத் தட்டினால்தான் கதவு திறக்கும். அங்கே நேராக நடந்துபோய் ஏறலாம்.

"அப்ப ரிக்கெற் இல்லாம ஏறினா ஆர் கண்டுபிடிக்கிறது அண்ணை?" என்று கேட்டேன்.

"ஆக்கள் வருவினம். சாதாரண உடுப்பில, எங்களை மாதிரி நிப்பினம். திடீரெண்டு ரிக்கெற் கேப்பினம்."

அதற்குப் பிறகு நான் ஊரை எங்கே பார்த்தேன்? சாதாரண உடுப்பில் நின்ற எல்லோரையும்தான் பார்த்தேன். கடவுச்சீட்டு நாலும் துணிப்பையில் என் வயிற்றோடு கட்டியிருந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் கை தானாக அங்கே போனது.

"அப்பா, ஆர் யூ சிக்?" என்று என் மகன் கேட்டான். அவனுக்கு ஒன்பது வயது.

"இல்லை."

"பின்ன ஏன் வயித்தப் பிடிக்கிறீங்க?"

"குளிர்."

பெரிய தேவாலயம் ஒன்றுக்குப் போனோம். அதன் கூரை ஓடுகள் பல நிறத்தில், பாய் பின்னியதுபோல வளைந்து வளைந்து போயின. மகள் கழுத்து நோகும்வரை அண்ணாந்து பார்த்தாள். முன்வாசலில் வெள்ளைப் பொய்முடியும் சிவப்பு நீளக் கோட்டும் போட்ட ஒருவன் வந்து, "ஆஸ்திரேலியா? சிட்னி?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். கச்சேரி ரிக்கெற் விற்கிறானாம். நாங்கள் சிட்னி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளைப் பின்னால் இழுத்தேன். மகள் தன் பள்ளிக்கூட ஜாக்கெற்றைக் காட்டினாள். முதுகில் சிட்னி என்று பெரிதாக எழுதியிருந்தது.

பிறகு அரசர்கள் இருந்த மாளிகை. குதிரை வண்டிகள். ஒரு பூங்காவில் வயலின் வாசிக்கிற ஆளின் சிலை, முழுக்கத் தங்க நிறம். மகள் அதன் முன்னால் நின்று, இடக்கை விரல் சரியாக வைத்திருக்கிறதா என்று பார்த்தாள். சரிதானாம். நான் அன்ரியின் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்தார். வீடு எங்கே என்று கேட்டேன், "அங்கால, ஆத்துக்கு மற்றப் பக்கம்" என்றார். வரச் சொல்லவில்லை. என்ன வேலை என்று கேட்டேன், "பின்னேரம் தெரியும்" என்றார். பின்னேரம் எங்கே போகிறோம் என்று கேட்டேன். அதற்கும் "பின்னேரம் தெரியும்" என்று சிரித்தார். தூண்கள் வைத்த ஒரு பெரிய கட்டிடத்தின் பக்கக் கதவடியில் எங்களை நிற்பாட்டிவிட்டு, பொன்நிறப் பொத்தான் போட்ட காவலாளி ஒருவனிடம் போய் மெதுவாகக் கதைத்தார். திரும்பி எங்களைப் பார்த்தார். நாலு விரலைக் காட்டினார். காவலாளி தலையாட்டினான்.

"பாத்தனீரோ, நாலு விரல். நாங்கள் நாலு பேர்" என்று மனைவியின் காதுக்குள் சொன்னேன்.

"வாயை மூடிக்கொண்டு ஊரைப் பாருங்கோ" என்றா.

மத்தியானம் ஒரு மணிபோல, தெருவோரம் கரி அடுப்பில் உருளைக்கிழங்கு சுட்டு விற்கிற ஒருவரிடம் அவர் எங்களைக் கூட்டிப்போனார். கடதாசிச் சுருளில் சூடாகத் தந்தார்கள். "இதுக்கு அக்காண்ட தூள் போட்டாத்தான் ருசி" என்று சொல்லி, டப்பாவை எடுத்து, சாவியின் நுனியால் ரேப்பைக் கிழித்தார். அவர் முதலில் மணந்தார். பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மூடியைத் திரும்பவும் போட்டார். உருளைக்கிழங்கைத் தொடவில்லை.

"இதை அக்கா தன்ர கையால தந்தவவோ?"

"ஓம் அண்ணை."

"நீங்கள் நேர கண்டனீங்களோ?"

"ஓம். வீட்டை வந்து தந்தவ."

"நடந்து வந்தவவோ?"

"நடந்துதான். மூண்டு தெருதானே."

"ரெண்டு கையும் வேலை செய்யுதோ?"

என் மனைவி திகைத்துப்போய், "ஏன் அண்ணை இப்பிடிக் கேக்கிறியள்?" என்றா.

"இது அக்காண்ட தூள் இல்லை தங்கச்சி. அக்கா சீரகத்தைத் தனிய வறுக்கிறவ. இது ஆரோ வேற ஆள் அரைச்சது. ரெண்டு மாசமா என்னோட போனில கதைக்கிறா, ஆனா முகம் காட்டிக் கதைக்கிறாவில்லை. கமராவைப் போடு எண்டா ஏதாவது சாட்டுச் சொல்லுறா. அவவுக்குக் கை கால் விழுந்திட்டுது. நீங்கள் எல்லாரும் சேர்ந்து மறைக்கிறியள்."

"ஐயோ இல்லை அண்ணை. அவ சுகமா இருக்கிறா" என்று நான் சொன்னேன்.

"எங்கட அப்பா செத்து ஆறு மாசத்துக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னவை. நான் இஞ்ச முகாமில, விசா இல்லாம இருந்தனான். கேட்டா மனம் உடைஞ்சு போவன் எண்டு மறைச்சவை. அந்த ஆறு மாசமும் ஒவ்வொரு கிழமையும், அப்பா சுகமோ எண்டு கேட்டனான். சுகம் எண்டுதான் எல்லாரும் சொன்னவை. இப்ப நீங்கள் சொன்ன மாதிரியேதான்."

அவர் அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் எடுத்தார். மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தார். சிட்னியில் அப்போது இரவு பதினொரு மணி.

"அவ ஒன்பது மணிக்கே படுத்திடுவா. போனைக் குசினியில வைச்சிட்டுத்தான் படுப்பா" என்றேன்.

"உங்களிட்ட எல்லாத்துக்கும் மறுமொழி இருக்கு" என்றார்.

பிள்ளைகளே, அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கவேண்டும். டப்பாவை உடைத்தது நான், தூளைக் கொட்டியது நான், கடைத்தூளைக் கலந்ததும் நான் என்று மூன்று வசனம் போதும். வாயைத் திறந்தேன். மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் உருளைக்கிழங்கு வாயோடு நின்றான். அவர்கள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "அவ நல்ல சுகம் அண்ணை" என்று இன்னொரு தரம் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் இறுகியது.

அதற்குப் பிறகும் அவர் எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு பாலத்தைக் காட்டினார். பழைய மணிக்கூடு ஒன்றைக் காட்டினார். ஆனால் கையை மட்டும்தான் நீட்டினார், கதை இல்லை. ஒரு தரம், "நாளைக்கு வேலையில சொல்லிப்போட்டு சிட்னிக்கு வரப்போறன். இந்த முறை பிந்தமாட்டன்" என்று தனக்குத்தானே சொன்னார்.

பின்னேரம் தெரியும் என்று சொன்னது தெரிந்தது. தூண் வைத்த அதே கட்டிடம். உள்ளே பெரிய இசை மண்டபம். நாலு விரலுக்கு அர்த்தம் நாலு இடம். மண்டபத்தின் பின்னால் நின்று கேட்கிற இடங்களை அவர் எங்களுக்காகச் சொல்லி வைத்திருந்தார், பிள்ளைகளுக்குத் திடீர் என்று காட்டவேண்டும் என்று. மகள் அதைக் கேட்டுக் கையால் வாயைப் பொத்தினாள்.

அந்த ஊரில் கோட்டைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் போகக்கூடாது. கீழே ஒரு நீள மேசையில் கொடுத்துவிட்டு இலக்கத் தகடு வாங்கவேண்டும். அந்த மேசைக்குப் பின்னால் கறுப்புச் சீருடைக் கோட் போட்டுக்கொண்டு அன்ரியின் தம்பி நின்றார். அதுதான் அவருடைய வேலை. அதற்காகத்தான் மணிக்கூட்டைப் பார்த்தார். மனைவியின் கோட்டை வாங்கினார், பிள்ளைகளுடையதை வாங்கினார். என்னிடம் வந்தபோது, "கோட்டைத் தாங்கோ" என்று மட்டும் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழரைக்குக் கச்சேரி தொடங்கியது. மண்டபம் முழுக்கப் பொன்நிறம். வாசித்தவர்கள் அறுபது எழுபது பேர் இருக்கும், ஒரே ஆள் மூச்சு விடுவதுபோல வாசித்தார்கள். மகள் முன்னால் இருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கீழே ஒரு மனிதர் தன் அக்கா படுக்கையில் கிடக்கிறா என்று நினைத்துக்கொண்டு மற்றவர்களின் கோட்டுகளைக் கொழுவிக்கொண்டு நிற்கிறார். அந்தத் தூள் எப்படி மாறியது என்று உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். முதல் இசை முடிந்து கை தட்டினபோது, கழிப்பறைக்குப் போகிறேன் என்று மனைவிக்குச் சைகை காட்டிவிட்டு இறங்கினேன்.

கீழே ஆள் இல்லை. வரிசை வரிசையாகக் கோட்டுகள். அவர் கதிரையில் போனைப் பார்த்தபடி இருந்தார். அடுத்த மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தகடுகளை அடுக்கிக்கொண்டிருந்தா.

"அண்ணை, அந்தத் தூளை நான்தான் பழுதாக்கினனான்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ரேப் வெட்டினது, பேப்பரில் கொட்டினது, கம்பியால் குத்தினது, காற்று, கடைத்தூள், புது ரேப். ஒன்றும் விடவில்லை. காகம் என்று மனைவிக்குச் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டார்.

"என்னத்தைத் தேடினனீர்?"

"தெரியாது அண்ணை. ஏதாவது ஒளிச்சு வைச்சிருப்பா எண்டு."

"அக்காவோ?"

நான் என் இலக்கத் தகட்டை மேசையில் திருப்பித் திருப்பி வைத்தேன்.

அவர் தலையை ஆட்டினார். "நல்லாக் கதை கட்டுறீர். என்ர மனம் ஆறவேணும் எண்டு இப்ப இதைச் சொல்லுறீர். அந்த ஆறு மாசமும் இப்பிடி எத்தினை கதை கேட்டனான்."

உண்மையைச் சொன்னபிறகும் நம்பாவிட்டால் என்ன செய்வது? சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். எட்டு அடிக்கப் போகிறது. பத்து மணித்தியாலம் கூட்டினால் சிட்னியில் காலை ஆறு மணி. அன்ரி ஐந்தரைக்கு எழும்பிச் சாமி கும்பிடுகிறவ.

"இப்ப எடுங்கோ. முகம் பாத்துக் கதையுங்கோ" என்றேன்.

அவர் எடுத்தார். இரண்டாம் மணியிலேயே அன்ரியின் குரல் கேட்டது.

"ஆர் இந்த விடியக்காலமையில? தம்பியோ? என்னடா, ராத்திரியும் எடுத்திருக்கிறாய். சுகமில்லையோ?"

"அக்கா, கமராவைப் போடு."

"எனக்கு அதெல்லாம் தெரியாது."

"முந்திப் போட்டனீதானே. போடு."

"தலை இழுத்துச் சீவேல்லை."

"அக்கா, போடு எண்டு சொல்லுறன்."

திரையில் முதலில் வீட்டு முகடு தெரிந்தது. பிறகு ஒரு காது. பிறகு அன்ரி. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

"கையை எடு" என்றார் அவர்.

"மாட்டன்."

"எடு அக்கா. ரெண்டு கையையும் தூக்கிக் காட்டு."

"உனக்கென்ன விசரோ?" என்று சொல்லிக்கொண்டே அன்ரி போனை எங்கேயோ சாத்தி வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கினா. விரல்களை விரித்தும் காட்டினா. "போதுமோ?"

வாயில் முன்பல்லு ஒன்றும் இல்லை.

"பல்லெங்கயக்கா?"

"கழட்டியாச்சு. புதுசு வர இன்னும் மூண்டு கிழமை. இந்தக் கோலத்தில உனக்கு முகம் காட்டச் சொல்லுறியோ? ஏனடா அழுகிறாய்? பல்லுத்தானே போனது."

அவர் மறுபக்கம் திரும்பினார். பக்கத்து மேசைப் பெண் ஓடி வந்து அவர் தோளில் கை வைத்தா. அவர் ஏதோ அவர்கள் மொழியில் சொன்னார், அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டா.

"தூள் கிடைச்சுதோ?" என்று அன்ரி கேட்டா.

அவர் என்னைப் பார்த்தார். கிடைத்தது என்று அவர் ஒரு சொல் சொன்னால் நான் தப்பிவிடுவேன். அவர் போனை என் கையில் தந்தார். "நீரே சொல்லும்" என்றார்.

அன்ரிக்குச் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லும்போது கதை இன்னும் மோசமாகக் கேட்டது. முடிந்தபிறகு, "என்னட்டக் கேட்டிருந்தா உமக்கு முன்னாலயே கொட்டிக் காட்டியிருப்பன் தம்பி" என்றா. குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "சரி, போனை அவனிட்டக் குடும்" என்றா.

நான் மேலே போகத் திரும்பினேன். படியில் மகள் இருந்தாள். என்னைத் தேடி வந்திருக்கிறாள்.

"எவ்வளவு நேரமா இருக்கிறாய்?"

"தூள் கொட்டினதில இருந்து."

நான் பக்கத்தில் இருந்தேன். மேலே கதவுக்குப் பின்னால் வாத்தியங்கள் மெல்லக் கேட்டன.

"அப்பா, என்ர ஸ்கூல் பாக்கையும் திறந்து பாக்கிறனீங்களோ?"

இல்லை என்ற சொல்தான் முதலில் வந்தது. அதை விழுங்கினேன். "ஓம்."

"எப்ப?"

"நீ குளிக்கப் போற நேரம்."

"வாட் ஆர் யூ லுக்கிங் ஃபோர்?"

"அதுவும் தெரியாது."

"என்ன கண்டனீங்கள்?"

"பாதி சாப்பிட்ட வாழைப்பழம். ரெண்டு தரம்."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். "எனக்கு முதலே தெரியும். புத்தகத்தை எப்பவும் தலைகீழாத்தான் வைக்கிறனீங்கள்" என்றாள். பிறகு எழும்பி, "வாங்கோ, அடுத்ததுதான் நான் கேக்க வந்தது" என்று கதவைத் திறந்து பிடித்தாள். அந்த இசையை நான் முழுதாகக் கேட்டேன். என்ன கேட்டேன் என்று சொல்லத் தெரியாது. மகளின் விரல்கள் கம்பியில் தாளத்தோடு அசைந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கச்சேரி முடிந்து கீழே வந்தபோது மேசையில் பெரிய கூட்டம். அன்ரியின் தம்பி ஒவ்வொருவருடைய கோட்டாக எடுத்துக் கொடுத்தார். என் மகளுக்குத் தானே பிடித்துப் போட்டு, அவளுடைய தோள்பையையும் எடுத்துக் கொடுத்தார். என்னுடையதைக் கடைசியாகத் தந்தார்.

"தம்பி, பொக்கற்றை ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ. எல்லாம் இருக்கோ எண்டு."

என் மனைவிக்கு விளங்கவில்லை. "என்ன அண்ணை, உங்கட இடத்தில ஆர் எடுக்கப்போகினம்?" என்றா. அவர் மீசைக்குள் சிரித்தார். மகள் என்னையே பார்த்தாள்.

"தேவையில்லை அண்ணை" என்று சொல்லிக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். "போயிட்டு வாறம்" என்று சொல்லி வெளியே வந்தோம். பனி தூறிக்கொண்டிருந்தது. அன்றிரவே மனைவிக்கும் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருந்தது, அது வேறு கதை. தெருமூலை திரும்பும் வரைக்கும் என்னைப் பிடித்துவைத்தேன். திரும்பியதும் கை தானாகப் பொக்கற்றுக்குள் போனது. எல்லாம் இருந்தன. மகள் அதைக் கண்டாள். தன் பையைத் தோளில் இருந்து எடுத்து, மற்றப் பக்கத் தோளில், என்னைவிட்டுத் தள்ளி இருக்கிற தோளில், மாட்டிக்கொண்டு நடந்தாள்.